ஒற்றை ஒளித்துகளை எண்ணும் சிலிக்கன்

மங்கலான விண்மீன் ஒன்று நம் கண்ணுக்குப் புலப்பட வேண்டுமாயின், அதனின்றும் ஒளித்துகள்கள் பல ஒருங்கே விழித்திரையை வந்தடைய வேண்டும். ஒரே ஒரு துகள் வந்தாலும் அதனை எண்ணிச் சொல்லும் கருவி உண்டா? உண்டு.

ஒளி துகள்களாகவே உறிஞ்சப்படுகின்றது என்ற கருத்தை 1905இல் ஐன்ஸ்டீன் வெளியிட்டார். அத்துகள்களை எண்ணுதற்கு 1930களில் ஒளிப்பெருக்கிக் குழாய் தோன்றியது. அது காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய். ஆயிரம் வோல்ட் அளவில் மின்னழுத்தம் வேண்டுவது. காந்தம் அருகிருந்தால் தடுமாறுவது. இன்று பல துறைகளில் அதன் இடத்தை நகக்கண் அளவேயுள்ள சிலிக்கன் சில்லு பெற்று வருகின்றது. இதற்குச் சில பத்து வோல்ட்டுகளே போதும். காந்தத்திற்கும் இது அஞ்சுவதில்லை.

இது வேலை செய்யும் முறை யாது? கரை ததும்ப நிறைந்த ஏரியை எண்ணிப் பாருங்கள். கரையில் ஒரு நண்டு வளை போதும், வெள்ளம் பெருக்கெடுத்துவிடும். அதுபோலவே, சிலிக்கனில் முறிவு எல்லைக்குச் சற்று மேலான மின்னழுத்தத்தைச் செலுத்தி வைக்கிறார்கள். ஓர் ஒளித்துகள் புகுந்து ஓர் எலக்ட்ரானை விடுவிக்கிறது. அது விரைந்தோடி மோதி, வேறு எலக்ட்ரான்களை எழுப்ப, நொடிப்பொழுதில் அவை இலட்சக்கணக்காகப் பெருகுகின்றன. உடனே ஒரு மின்தடை அழுத்தத்தைத் தாழ்த்தி அப்பெருக்கை அணைக்கின்றது. ஏரி மீண்டும் நிறைகின்றது.

ஆனால் ஒரு துகள் வந்தாலும் பத்துத் துகள்கள் வந்தாலும் பெருக்கு ஒன்றே. எனவே சில்லை ஆயிரக்கணக்கான நுண்ணறைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்தடை அமைத்தனர். வகுப்பில் உயர்ந்த கைகளை எண்ணுவது போல, விழித்த அறைகளின் தொகையே ஒளித்துகள்களின் கணக்காகும்.

இங்கே ஓர் இடர் உண்டு. ஒளியே இல்லாத இருளிலும், வெப்பத்தால் எலக்ட்ரான் ஒன்று தானே விடுபட்டுப் பொய்க்குரல் எழுப்பும். சில்லைக் குளிரவைத்தால் இது குறையும். தூய சிலிக்கனாலும் குறையும். எனினும் முற்றும் ஒழியாது. அப்படியானால் மெய்யை அறிவது எவ்வாறு?

ஸ்பெயின் நாட்டிற்குரிய லா பால்மா தீவில் 2011ஆம் ஆண்டு முதல் ஒரு தொலைநோக்கி இத்தகைய சில்லுகள் 1,440 கொண்டு இயங்கத் தொடங்கியது. விண்ணிலிருந்து வரும் காமாக் கதிர் காற்றில் மோதுகையில், ஒரு வினாடியின் நூறு கோடியில் சில பங்கே நிலைக்கும் நீல ஒளி பிறக்கின்றது. வெப்பம் எழுப்பும் பொய்க்குரல்கள் ஆங்கொன்றும் ஈங்கொன்றுமாகவே எழும். அந்நீல ஒளியோ அண்டையிலுள்ள பல சில்லுகளை ஒரே கணத்தில் எழுப்புகின்றது. அவ்வாறு சேர்ந்தெழும் குரலையே கருவி மெய்யென ஏற்கின்றது. மிகு ஒளியில் ஒளிப்பெருக்கிக் குழாய் தேய்ந்து கெடும். சிலிக்கனோ முழுநிலவு நாளிலும் காவல் காத்தது.

மருத்துவமனையில் புற்றுநோயைத் தேடும் பாசிட்ரான் படக்கருவியிலும் இதே நெறியைக் காணலாம். உடலின் ஒரு புள்ளியிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் இரு கதிர்கள் புறப்படுகின்றன. இருபுறத்துச் சில்லுகளும் ஒருங்கே சான்று பகர்ந்தால்தான் அக்கணக்கு ஏற்கப்படும். தனியொரு சில்லின் சொல்லை மட்டும் நம்பி நோயின் இடத்தை எவரும் குறிப்பதில்லை.