அடைக்கலமும் ஒப்படைப்பும்

பருந்துக்கு அஞ்சி வந்த புறாவைச் சிபி மன்னன் காத்த கதையை நேயர்கள் அறிவார்கள். அக்கதையிலே பருந்தின் வழக்கும் அற்பமானதன்று. புறா தனக்குரிய இரை என்றும், அதனைத் தர மறுப்பது அநீதி என்றும் அது வாதாடியது. மன்னன் அவ்வாதத்தைப் புறக்கணிக்கவில்லை. தன் தசையை அரிந்து ஈடு செய்ய முன்வந்தான். ஆனால், அடைக்கலம் புகுந்த உயிரை மாத்திரம் அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

இவ்வழக்கு இன்று அரசுகளுக்கிடையே நடைபெறுகின்றது. ஒரு நாட்டிற் குற்றம் புரிந்து மற்றொரு நாட்டுக்கு ஓடியவனை விசாரணைக்காகக் கையளித்தலே ஒப்படைப்பு எனப்படும். அது வேண்டப்படும் முறையே. எல்லையைக் கடந்தவுடன் கொலைகாரன் நீதிக்குத் தப்பிவிடலாகாது. ஆயினும், கேட்கும் நாடு கைதிகளை வதைக்கும் நாடாயின் என் செய்வது?

இவ்வினாவுக்குச் சர்வதேசச் சட்டம் விடை கூறியிருக்கின்றது. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டுச் சமவாயத்தின் 33ஆம் உறுப்புரை, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்புவதைத் தடுக்கின்றது. 1984ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தின் 3ஆம் உறுப்புரை இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. சித்திரவதைக்கு உள்ளாவார் என நம்புவதற்குத் தக்க காரணம் இருக்குமாயின், எவரையும் ஒப்படைத்தலாகாது என்பது அதன் விதி. அங்கே அகதி என்றும் குற்றவாளி என்றும் பேதம் இல்லை.

சட்டம் இவ்வாறு இருந்தும், ஒரு மனிதர் ஒப்படைப்பின் விளிம்பு வரை சென்று மீண்டார். அவர் பஹ்ரெயின் தேசிய அணியில் விளையாடிய உதைபந்தாட்ட வீரர் ஹக்கீம் அல்-அராய்பி. 2012 நவம்பரில் ஒரு பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டமை தொடர்பாக அவர் கைது செய்யப்பட்டார். அச்சமயத்தில் தாம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஒரு போட்டியில் விளையாடிக்கொண்டிருந்ததாக அவர் கூறினார். தடுப்புக் காவலில் தம் கால்களில் அடித்தார்கள் என்பதும் அவரது முறைப்பாடு. அவர் நாட்டில் இல்லாதபோது, 2014இல், பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவிற் புகலிடம் தேடிய அவரை, அந்நாடு 2017இல் அகதியாக ஏற்றது.

பஹ்ரெயினின் காவல் நிலைமை வெறும் வதந்தியன்று. அந்நாட்டு மன்னரே நியமித்த விசாரணைக் குழு, தடுத்து வைக்கப்பட்டோர் திட்டமிட்ட முறையில் வதைக்கப்பட்டனர் என்று 2011 நவம்பரில் அறிக்கை அளித்திருந்தது. சித்திரவதையால் ஐவர் இறந்தனர் என்பதும் அதன் முடிபுகளுள் ஒன்று.

2018 நவம்பர் 27ஆந் திகதி, மணமான புதிதில் மனைவியுடன் உல்லாசப் பயணமாகப் பாங்கொக் சென்ற ஹக்கீம், விமான நிலையத்திலேயே கைதானார். பஹ்ரெயினின் வேண்டுகோளின்படி இன்டர்போல் வெளியிட்ட சிவப்பு அறிவித்தலே அதற்குக் காரணம். அகதியைத் துரத்த அவர் தப்பியோடிய நாட்டுக்கே அவ்வறிவித்தல் உதவுதல் இன்டர்போலின் கொள்கைக்கு முரணானது. சில நாட்களில் அறிவித்தல் நீக்கப்பட்டது, ஹக்கீம் விடுவிக்கப்படவில்லை. தாய்லாந்து 1951ஆம் ஆண்டுச் சமவாயத்திற் சேராத நாடு. ஆனால் சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் 2007இலேயே அது சேர்ந்திருந்தது.

அங்கேதான் எதிர்ப்புக்குரல் எழுந்தது. அவுஸ்திரேலிய அணியின் முன்னாள் தலைவர் கிரெய்க் பொஸ்டர் நாடு நாடாகச் சென்று வாதாடினார். உதைபந்தாட்ட வீரர் சங்கங்கள் திரண்டன. அவுஸ்திரேலியப் பிரதமர் தாய்லாந்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2018இல் தாய்லாந்துக் குகையிற் சிக்கிய சிறுவர்களை மீட்ட அவுஸ்திரேலியச் சுழியோடிகளும் அவருக்காகப் பரிந்து பேசினர். 2019 பெப்ருவரி 4ஆந் திகதி கால்களில் விலங்குடன் நீதிமன்றுக்குக் கொண்டுவரப்பட்ட ஹக்கீம், தம்மைப் பஹ்ரெயினுக்கு அனுப்ப வேண்டாமென்று கூவினார். அக்காட்சி உலகெங்கும் பரவியது. ஒரு வாரத்தில் பஹ்ரெயின் தன் கோரிக்கையைக் கைவிட, அவர் மெல்பேர்ணுக்குத் திரும்பினார். மார்ச் மாதத்தில் அவுஸ்திரேலியக் குடியுரிமையும் பெற்றார்.

வதைக்கமாட்டோம் என்ற உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டு அனுப்பலாமே எனச் சிலர் கேட்பர். அவ்வாறே சுவீடன் 2001 டிசம்பரில் இரு எகிப்தியரை அனுப்பியது. அவர்களுள் ஒருவரை அனுப்பியமை சமவாயத்தை மீறிய செயலென்றும், அத்தகைய உறுதிமொழி போதிய காப்பன்று என்றும், ஐக்கிய நாடுகளின் சித்திரவதைக்கு எதிரான குழு 2005இல் முடிவு கூறிற்று. பூட்டிய அறையில் நடப்பதற்குக் காகிதம் காவலாக நிற்க முடியாது.

ஹக்கீமின் வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பு எதுவும் வழங்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. சட்டம் தானாக அவரைக் காக்கவில்லை. சட்டத்தை நினைவூட்டியோரின் குரலே காத்தது. அவருக்குப் பின்னால் விளையாட்டுலகமே நின்றது. நாளை அதே விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்படுபவர் ஒரு தையற்காரராகவோ, மாணவராகவோ இருக்கலாம். அவருடைய பெயரை எவரும் அறியமாட்டார். 3ஆம் உறுப்புரை அவருக்கும் உரியது. அதை எடுத்துச் சொல்ல எவராவது முன்வருகின்றனரா என்பதிலேயே அவருடைய உயிர் தங்கியிருக்கின்றது.