ஹாஜிமார்களும் பயணப் பாதுகாப்பும்

(நமது பள்ளிவாசலில் நடைபெற்ற ஹஜ், உம்ராப் பயணிகளுக்கான விளக்கக் கூட்டத்தில் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் துவங்குகிறோம். எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

    

ஹஜ்ஜின் ஃபர்ளு, வாஜிபு, ஸுன்னத்துகளைப் பற்றிச் சென்ற அமர்வுகளில் பார்த்தோம். இஹ்ராம் உடுத்தும் முறையும், தவாஃபின் ஒழுங்குகளும் விளக்கப்பட்டன. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது பலரும் மார்க்க விஷயமாகவே கருதாத ஒன்று. அந்நிய நாட்டின் ஒரு மாநகரில், பல லட்சம் மக்களுக்கு நடுவில், நம் உயிரையும் உடைமையையும் எவ்வாறு காத்துக்கொள்வது என்பதே அது.

இது மார்க்க விஷயமா என்று யாரும் ஐயுற வேண்டியதில்லை. ஹஜ் கடமையாவதற்குரிய சக்தியை விளக்கும் ஃபிக்ஹு நூல்கள், பயணச் செலவையும் வாகனத்தையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. ‘அம்னுத் தரீக்’, அதாவது வழியில் அச்சமின்மை என்பதையும் அவற்றோடு சேர்த்தே கூறுகின்றன. ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் இமாம்களும் இதனைப் பேசியுள்ளனர். அக்காலத்தில் வழிப்பறிக் கொள்ளையரும் கடற்புயலும் அச்சமாக இருந்தன. 1995 வரை மும்பைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் சென்ற நம் முன்னோர், வஸிய்யத் எழுதி வைத்து, வீடு வீடாகச் சென்று மன்னிப்புக் கேட்டுவிட்டே புறப்பட்டனர். இன்று விமானம் சில மணி நேரத்தில் ஜித்தாவில் இறக்கிவிடுகிறது. அச்சம் வேறு உருவம் எடுத்திருக்கிறதே தவிர, அகன்றுவிடவில்லை.

இங்கே நம் மக்களிடையே வழங்கும் ஒரு பேச்சைக் குறிப்பிட்டாக வேண்டும். “மக்காவில் மவுத்தானால் அதைவிடப் பாக்கியம் ஏது?” என்று கூறி, மருந்தையும் எச்சரிக்கையையும் அலட்சியப்படுத்துவோர் உள்ளனர். புனித மண்ணில் மரணம் வாய்ப்பது அல்லாஹ் தரும் அருட்கொடை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அது அவன் தருவது. நாம் அஜாக்கிரதையால் தேடிக்கொள்வதன்று. தம் கரங்களாலேயே தம்மை அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் எனத் திருமறை தடுக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்பு இறைவன் மீது பொறுப்புச் சாட்டுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். கொள்ளை நோய் பரவிய ஷாம் தேசத்திற்குள் நுழையாமல் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது, இறைவனின் விதியை விட்டு ஓடுகிறீர்களா எனக் கேட்கப்பட்டது. ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்வதாக அவர்கள் விடையளித்தார்கள். கலீஃபாவின் தவக்குல் நம்முடையதைவிடக் குறைந்ததா?

மேலும், கூட்டத்தில் அலட்சியமாக நடப்பவர் தம் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை. அவர் தடுமாறி விழுந்தால் பின்னால் வரும் மூதாட்டியும் விழுவார். முண்டியடிப்பவரின் முழங்கை இன்னொரு முஃமினின் நெஞ்சில் படுகிறது. ஹஜருல் அஸ்வதை முத்தமிடுவது ஸுன்னத். பிறருக்குத் துன்பம் தராதிருப்பது கடமை. வலிமை மிக்க உமர் (ரலி) அவர்களையே, அவ்விடத்தில் நெருக்கியடித்துப் பலவீனரை நோவிக்க வேண்டாமென நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக அறிவிப்பு உள்ளது. அரஃபாவிலிருந்து திரும்பும்போதும், விரைந்தோடுவதில் நன்மை இல்லையென உணர்த்தி, மக்களை நிதானிக்கச் செய்தார்கள்.

சோதனை நிகழ்ந்த ஆண்டுகளை நாம் அறிந்திருப்பது நல்லது. 1990 ஜூலை 2ஆம் நாள், மினாவுக்கு அருகிலுள்ள பாதசாரிகளின் சுரங்கப்பாதை ஒன்றில் ஏற்பட்ட நெரிசலில் 1,426 பேர் ஷஹீதாயினர். 1997 ஏப்ரல் 15ஆம் நாள் மினாக் கூடாரங்களில் தீப்பற்றி 343 பேர் மாண்டனர்; அவர்களுள் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தோர் பலர். சமையல் எரிவாயுவிலிருந்து மூண்ட தீ, காற்றின் வேகத்தில் பல்லாயிரம் கூடாரங்களுக்குப் பரவிற்று. அதன் பின்னரே தீப்பிடிக்காத கூடாரங்கள் அமைக்கப்பட்டன. அங்கே அடுப்பு மூட்டுவதும் தடை செய்யப்பட்டது. 2006 ஜனவரி 12ஆம் நாள் கல்லெறியும் ஜமராத்தில் 340க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வழியில் கிடந்த பயண மூட்டைகளில் சிலர் தடுக்கி விழுந்ததே அதன் தொடக்கம் எனச் சொல்லப்பட்டது. அதன் பிறகு பழைய பாலம் அகற்றப்பட்டுப் பல அடுக்குப் பாலம் எழுந்தது. 2015 செப்டம்பர் 24ஆம் நாள் மினாவின் தெருவொன்றில் இரு கூட்டங்கள் சந்தித்ததில் ஏற்பட்ட நெரிசலில் மாண்டவர்கள் 769 பேர் என்று சவூதி அரசு அறிவித்தது. ஒவ்வொரு நாடும் அறிவித்த எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்த செய்தி நிறுவனங்கள் 2,000க்கும் அதிகம் எனக் கணக்கிட்டன.

2024இல் நிகழ்ந்ததோ வெயிலின் சோதனை. அவ்வாண்டு ஜூன் 17ஆம் நாள் மக்காவில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. மொத்தம் 1,301 பேர் இறந்தனர். அவர்களில் நூற்றுக்கு 83 பேர் முறையான அனுமதியின்றி வந்தவர்கள் என்று சவூதி அரசு தெரிவித்தது. அனுமதி இல்லாதவருக்குக் குளிரூட்டிய கூடாரம் இல்லை; பேருந்து இல்லை; கொளுத்தும் வெயிலில் நெடுந்தொலைவு நடக்க நேர்ந்தது. பலரிடம் அடையாளச் சான்றும் இல்லாததால், இன்னார் என அறிவதே தாமதமாயிற்று. ஜனாஸா எங்கே அடக்கப்பட்டது என்று தெரியாமல் பிள்ளைகள் தவிப்பது எத்தகைய வேதனை!

ஆகவே, முதலாவது பாதுகாப்பு, நேர்வழியில் செல்வதே. இந்திய ஹஜ் கமிட்டி மூலமாகவோ, அரசின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் மூலமாகவோ, ஹஜ் விசாவில் மட்டுமே செல்ல வேண்டும். விசிட் விசாவில் அழைத்துச் சென்று ஹஜ்ஜும் செய்து வைப்பதாக யாரேனும் குறைந்த தொகை சொன்னால், அந்த வாசலையே மிதிக்காதீர்கள். அனுமதியின்றி ஹஜ் செய்ய முற்படுவோருக்கு 20,000 ரியால் வரை அபராதமும், நாடு கடத்தப்பட்டுப் பத்து ஆண்டுகள் நுழையத் தடையும் என 2025இல் சவூதி அரசு அறிவித்தது. சக்தி பெறாதவர் மீது அல்லாஹ் ஹஜ்ஜைக் கடமையாக்கவில்லை. அவன் சுமத்தாத சுமையைக் குறுக்கு வழியில் நாமே சுமப்பானேன்?

இரண்டாவது, பெட்டியில் வைக்கும் பொருள்கள். நம் வீட்டுக் குருமாவில் சேரும் கசகசா, சவூதியில் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டது. அறியாமல் கொண்டுவந்தேன் என்ற பேச்சு அங்கே செல்லாது. எனவே மசாலாப் பொடியில்கூட அது கலவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டார், தூரத்து உறவினர், விமான நிலையத்தில் பழகியவர், யார் கொடுத்தாலும் பிரித்துப் பார்க்காத பொட்டலத்தை வாங்காதீர்கள், வருத்தப்பட்டாலும் படட்டும். மருந்துகளை அவற்றின் உறையோடும் மருத்துவர் எழுதிய சீட்டோடும் கொண்டு செல்லுங்கள். பயண நாள்களுக்கு மேல் பத்து நாள்களுக்குரியது கூடுதலாக இருக்கட்டும். அவற்றில் ஒரு பகுதி கைப்பையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, வழி தவறாதிருத்தல். வட்டத்திற்கு ஓர் எண்ணும், நேரான அகன்ற வீதிகளும் உள்ள இந்த நகரியத்தில் வாழ்ந்து பழகியவர்கள் நாம். வட்டத்தின் எண்ணைச் சொன்னால் சிறு பிள்ளையும் வீட்டிற்கு வந்து சேர்ந்துவிடும். மினாவிலோ கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெண்கூடாரங்களே. ஒன்றிற்கும் மற்றொன்றிற்கும் வேறுபாடு தெரியாது. ஆகையால் கூடார எண், மக்தப் எண், தங்குமிடத்தின் பெயர், குழுத் தலைவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தாளில் எழுதி ஒவ்வொருவரும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். தாய்மார்களுக்கு இதனை அழுத்தமாகச் சொல்கிறோம். கைப்பேசியும் சீட்டும் பணமும் கணவரிடமே இருந்தால், பிரிந்துவிட்ட அந்த நிமிடத்தில் உங்களிடம் ஒன்றுமே இருக்காது. கைவளையத்தையும் அடையாள அட்டையையும் குளிக்கும்போதும் நீங்கள் மறந்து வைத்துவிடலாகாது.

ஹரமில் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்பதை உள்ளே நுழையுமுன்பே முடிவு செய்யுங்கள். பலர் மணிக்கூண்டின் கீழே எனச் சொல்லி வைக்கின்றனர். அக்கோபுரம் எல்லாத் திசையிலிருந்தும் தெரியும். அதன் கீழே ஆயிரக்கணக்கானோர் நிற்பர். வாசல்களுக்குப் பெயரும் எண்ணும் உள்ளன. இன்ன எண்ணுள்ள வாசலின் வெளிப்புறம், இன்ன பக்கம் என்று குறித்துக்கொள்வதே பயன் தரும். செருப்பை வாசலில் விடாமல் சிறு பையில் போட்டு உடன் வைத்திருங்கள். மதாஃபின் பளிங்கு குளிர்ந்திருக்கும். வெளியே சாலை கொதிக்கும். நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் உணர்ச்சி குன்றியிருக்கும். பாதம் வெந்து கொப்புளம் எழுந்த பின்பே அவர்கள் அறிவார்கள். சிறு புண் காலையே பறித்த கதைகள் நம் ஊரிலும் உண்டல்லவா?

நான்காவது, வெயில். நெய்வேலி வெயிலில் சுரங்கப் பணி செய்தவர்களுக்கு மக்கா வெயில் எம்மாத்திரம் என எண்ணிவிடக் கூடாது. இங்கே வியர்வை வழிவது தெரியும். அங்கே காற்று வறண்டது. வியர்வை அரும்பும்போதே உலர்ந்துவிடும். உடலின் நீர் வற்றுவதை நாம் உணரவே மாட்டோம். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் சிறுகச் சிறுகப் பருகுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொடி பையில் இருக்கட்டும். இருதய, சிறுநீரக நோய்க்கு மருந்து உண்போர் எவ்வளவு நீர் பருகலாம் என மருத்துவரிடம் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும். இஹ்ராமில் குடை பிடிக்கலாமா எனச் சிலர் தயங்குகின்றனர். நபி (ஸல்) அவர்கள் ஜம்ரத்துல் அகபாவில் கல்லெறிந்தபோது, வெயில் படாதவாறு தோழர் ஒருவர் துணியை உயர்த்திப் பிடித்திருந்தார் என ஹதீஸில் வருகிறது. தலையில் படாமல் குடை பிடிப்பதில் தடை இல்லை. உடன் வருபவர் பேச்சுக் குழறி, நிலை தடுமாறி, உடல் அனலாகக் கொதித்தால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டு சென்று, நீரை ஊற்றி விசிறுங்கள்; உடனே உதவிக்கு அழையுங்கள். மக்காவில் அவசர உதவிக்கு 911, செம்பிறைச் சங்க ஆம்புலன்ஸுக்கு 997.

ஐந்தாவது, கூட்டம். குழுவிற்கு ஒதுக்கிய நேரத்தில் மட்டுமே ஜமராத்திற்குச் செல்லுங்கள். கையில் மூட்டை வேண்டாம். எதிர்த் திசையில் ஒருபோதும் நடக்காதீர்கள். செருப்போ கைப்பேசியோ விழுந்தால் குனியாதீர்கள், அது போகட்டும். நெருக்கம் கூடினால் இரு முன்கைகளையும் நெஞ்சுக்கு முன்னே மடக்கி வைத்து மூச்சுக்கு இடம் உண்டாக்கி, கூட்டத்தோடு நகர்ந்தவாறே மெல்ல மெல்ல ஓரத்திற்கு வந்துவிடுங்கள். விழ நேர்ந்தால் ஒருக்களித்துச் சுருண்டு தலையைக் கைகளால் காத்துக்கொள்ளுங்கள்.

பலவீனருக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. நடை தளர்ந்திருந்த அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள், நெரிசலுக்கு முன்பே முஸ்தலிஃபாவிலிருந்து இரவில் புறப்பட அனுமதி பெற்றார்கள். நோயுற்றிருந்த அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள், மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்து தவாஃப் செய்தார்கள். கல்லெறிய இயலாதவருக்காக மற்றொருவர் எறியலாம். நபியவர்களின் துணைவியரே ஏற்ற சலுகையை நாம் வெட்கப்பட்டுத் தள்ளுவது பேணுதல் ஆகாது.

ஆறாவது, பணம். முழுத் தொகையையும் ஒரே பையில் வைக்காதீர்கள். தவாஃபுக்குச் செல்லும்போது அன்றைய தேவைக்குரியது மட்டும் போதும். ஊர் பேர் சொல்லி, பணம் தொலைந்ததாக அழுது நிற்போர் எல்லோரும் ஏழைகள் அல்லர். கீழே கிடக்கும் பொருளையும் எடுக்காதீர்கள். ஹரமில் தவறிய பொருளை, உரியவரைத் தேடி அறிவிப்பவரைத் தவிர வேறெவரும் எடுக்கலாகாது என்பது நபிமொழியின் கருத்து. அந்நிய நாட்டில் சந்தேகத்திற்கு ஆளாகாமலிருக்கவும் அதுவே வழி.

அன்பிற்குரியவர்களே! தலைக்கவசமும் பாதுகாப்புக் காலணியும் இன்றிச் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் காலடி வைக்கக் கூடாது என்பதை நம்மில் பலர் பணிக்காலம் முழுதும் கடைப்பிடித்தவர்கள். 2020 ஜூலை முதல் நாள் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தபோது, இந்த நகரியமே துயரில் மூழ்கியது. பாதுகாப்பு விதி என்பது வெறும் பலகை எழுத்தல்ல, ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவருடைய உயிரைக் கேட்டுப் பெற்றது என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மினாவின் விதிகளும் அப்படிப் பிறந்தவையே. சம்பளத்திற்காகப் பேணிய ஒழுங்கை, அல்லாஹ்வின் விருந்தாளியாகச் செல்லும்போது கைவிடலாமா?

இன்னும் ஒரு வேண்டுகோள் பிள்ளைகளுக்கு. பணி ஓய்வு பெற்ற பெற்றோர், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சுமந்தே புறப்படுகின்றனர். பெட்டி வாங்கித் தருவதோடு கடமை முடியவில்லை. ஒரு மாதத்திற்கு முன்பே அவர்களை நாள்தோறும் காலையில் நடக்கச் செய்யுங்கள். தடுப்பூசிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் உடன் செல்லுங்கள். கைப்பேசியில் இருப்பிடத்தை அனுப்பும் முறையைப் பொறுமையாகக் கற்றுக்கொடுங்கள். கடனும் அமானிதமும் எழுதிய வஸிய்யத்தை அவர்கள் கூறும்போது, அபசகுனம் எனத் தடுக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் ஹாஜிமார்களின் பயணத்தை இலேசாக்குவானாக! அவர்களை வெயிலிலிருந்தும் நெரிசலிலிருந்தும் வஞ்சகரின் தீங்கிலிருந்தும் காப்பானாக! ஒப்புக்கொள்ளப்பட்ட ஹஜ்ஜை நிறைவேற்றி, நலமே நம் நகரியம் திரும்பி, நம் அனைவருக்காகவும் துஆச் செய்யும் நற்பேற்றை அவர்களுக்குத் தந்தருள்வானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.