விடியலுக்கு முன்னே பால் வெட்டுவது ஏன்?

தோட்டப் பள்ளியிலே மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒருநாள் எங்களைக் கேட்டான்: "சார், எங்கம்மா ஏன் இருட்டிலேயே மரம் வெட்டப் போகணும்? வெயில் வந்த பிறகு போனா ஆகாதா?"

ஆசிரியர்களாகிய எங்களுக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. "அது தோட்டத்துச் சட்டம்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டோம். மாலையில் அவன் தாயாரைக் கண்டபோது கேட்டோம். "வெயில் ஏறிட்டா பால் இறங்காதுங்க, சார்" என்றார். புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தோம். அந்த அம்மா சொன்னதுதான் அங்கும் இருந்தது.

ரப்பர்ப் பால் மரத்தின் நடுவே ஊறுவதில்லை. பட்டைக்குள்ளே, மயிரிழையினும் மெல்லிய குழாய்களில் இருக்கிறது. பகலில் இலைகள் நீரை ஆவியாக வெளியே விடுகின்றன. இரவில் அப்படி விடுவது குறைவு. ஆகவே வேர் உறிஞ்சிய நீர் மரத்திலேயே தங்கி, பால்குழாய்களை விம்மச் செய்கிறது. விடியற்காலையில் அவற்றினுள் இருக்கும் அழுத்தம், கார் சக்கரத்தில் அடைத்த காற்றின் அழுத்தத்தைவிடப் பன்மடங்கு அதிகம். உளி பட்டதும் பால் பீறிடுவது அதனால்தான். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைகிறது, பாலும் குறைகிறது.

இன்னொன்று பாருங்கள். வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து வருகிறதல்லவா? பால்குழாய்கள் நேராக நிற்காமல், வலப்பக்கம் சற்றே சாய்ந்து மேலேறுகின்றன. அதற்குக் குறுக்கே இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும்.

பட்டைக்கும் கட்டைக்கும் இடையே புதுப் பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதற்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் முன்பாகவே உளி நின்றுவிட வேண்டும். தலைவிளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த அளவு தவறாமல் வெட்டுகிற கையை என்னவென்று சொல்வது!

இந்த மரம் இந்நாட்டு மரமே அன்று. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை சில ஆயிரமே. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை வெறும் 22 கன்றுகள். அங்கே தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் ஒரே வெட்டைத் திரும்பத் திரும்பச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். ரப்பர் நடுங்கள் என்று போவோர் வருவோரிடமெல்லாம் விதையைக் கொடுத்தார். "பைத்தியக்கார ரிட்லி" என்று சிரித்தார்கள்.

சிரிக்காமல் கேட்டவர் நம் மலாக்காக்காரர். டான் சாய் யான் என்னும் சீனர், 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். இந்நாட்டின் முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். பின்னர் ஜாசின் வட்டாரத்துப் புக்கிட் ஆசகானிலும் பெருமளவில் நட்டார். பல நாடுகளுக்குச் சக்கரம் கொடுத்த தொழில் நம் வீட்டு வாசலில்தான் வேர்விட்டது.

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. உளி பிடித்த கைகள் மூப்படைந்துவிட்டன. அந்தக் கைகளுக்குத் தெரிந்தது அவற்றோடு போய்விடக் கூடாது. பிள்ளைகளே, பாட்டியிடமும் தாத்தாவிடமும் கேளுங்கள். பெற்றோர்களே, "எங்களுக்கு என்ன தெரியும்" என்று சொல்லாதீர்கள்.

மறுநாள் அந்தச் சிறுவனை வகுப்பின் முன்னே நிறுத்தி, விடையை அவனையே சொல்லச் சொன்னோம். அம்மாவின் தொழிலைச் சொல்லவே அதுவரை கூசியவன், நிமிர்ந்து நின்று தொடங்கினான்: "எங்கம்மா சொன்னாங்க..."