காசுக்கு மதிப்பெண்



வெள்ளிமலையில் என் இல்லத்திற்கு அண்மையில் வந்த கல்லூரி மாணவர் ஒருவர், திருக்கோவலூரை ஆண்ட மலையமானின் காசென்று சொல்லித் தமக்கு விற்கப்பட்ட செப்புக் காசொன்றைக் காட்டினார். "ஐயா, இதனை அமெரிக்காவிற்கு அனுப்பித் தரச்சான்று பெறலாமா? காசின் விலையினும் கட்டணம் மிகுமோ என்று அஞ்சுகிறேன்" என்றார்.

கட்டணத்தினும் பெரிய தடை சட்டமாகும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதனை அயல்நாட்டிற்கு அனுப்புதல் கூடாது. மெய்யெனில் அனுப்பலாகாது, போலியெனில் அனுப்பிப் பயனில்லை!

மேலும், 1 முதல் 70 வரை எண்ணிடும் முறையை வில்லியம் ஷெல்டன் என்பார் 1949-இல் வகுத்தது அமெரிக்காவின் பழைய சென்ட் காசுகளுக்காகவே. மலையமான் காசிலுள்ள குதிரை மங்கியிருப்பின், அது தேய்வா, அன்றி அச்சு சரியாகப் பதியாத பிறவிக் குறையா? ஒற்றை எண் அதனை உரைக்காது. என்.ஜி.சி. என்னும் அமெரிக்க நிறுவனமும் பண்டைக் காசுகளுக்கு அவ்வெண்ணை விடுத்து, அச்சுப் பதிவிற்கும் மேற்பரப்பிற்கும் தனித்தனியே 5-க்கு மதிப்பெண் இடுகின்றது. கூட்டுத்தொகை ஒன்றையே கண்டு மாணவரை எடைபோட்ட என் போன்ற ஆசிரியர்க்கு இது சற்று உறுத்தும் செய்திதான்.

எனினும், போலியை அறியத் தேர்ந்தவர் கண் வேண்டும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயவியல் பிரிவு உண்டு. அங்கே காட்டுமாறு கூறினேன். புளியிட்டுத் துலக்கலாகாது என்றும் எச்சரித்தேன். இளமையில் நான் அவ்வாறு துலக்கிய காசு நன்கு பளபளத்தது, எழுத்துத்தான் மறைந்துபோயிற்று.

பின்னர் இருவரும் உருப்பெருக்கியால் நோக்கினோம். குதிரையின் வால் புலப்பட்டது, தலை விளங்கவில்லை. விட்டத்தை அளந்து அவர் ஏட்டிற் குறித்துக்கொண்டார்.