எத்தனை விற்றது, எப்போது தீர்ந்தது?

(தூத்துக்குடி வட்டாரப் பஞ்சாயத்து அங்கத்தினர்களிடையே நிகழ்த்திய உரை)



பத்திரிகை விற்பனைக்கும் பஞ்சாயத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கக்கூடும். 1942-ஆம் ஆண்டில் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார் திருச்செந்தூரை அடுத்த காயாமொழியில் பிறந்தவர். சிற்றூர் டீக்கடைகளில் பத்திரிகை விரிந்து கிடக்கும் பழக்கம் பரவியதில் நமது வட்டாரத்துக்கும் பங்குண்டு. கைபேசி வந்தபின் அப்பழக்கம் குன்றி வருகிறது. இதழ்களை வைத்து விற்கும் பெட்டிக் கடைக்காரரோ சிறு முதல் உடையவர். அவர் நஷ்டப்பட்டு விற்பனையைக் கைவிட்டால், அந்த ஊருக்கு இதழ் வருவதே நின்று போகும். ஆகவே அவருடைய கணக்கில் நமக்கும் அக்கறை இருத்தல் வேண்டும்.

கணக்குப் பார்த்துத் தொழிலில் இறங்குவது இக்கரைக்குப் புதிதன்று. முத்துக்குளிப்புக்கு நாள் குறிக்குமுன் அதிகாரிகள் கடலடியிலுள்ள பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பிகளை எடுப்பித்து, அவற்றில் கிடைக்கும் முத்துக்களை மதிப்பிட்டு, கட்டுப்படியாகும் என்று கண்ட பிறகே அறிவிப்புச் செய்வார்கள். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும் முறை நல்ல முறையே. சிப்பி ஓரிடத்தில் கிடக்கும், வாசகர் அப்படிக் கிடக்கமாட்டார் என்பதுதான் வேறுபாடு.

வார இதழின் ஆயுள் ஏழே நாள். அடுத்த கட்டு வந்திறங்கியதும் முந்தியது பழைய காகிதமாகிவிடும். விற்காத பிரதிகளை வெளியீட்டாளர் பலர் திரும்பப் பெற்றுக்கொள்வதுண்டு. எனினும் அதுவரை கடைக்காரரின் பணம் முடங்கிக் கிடக்கும். இதற்கு அஞ்சி அவர் குறைத்து வாங்குவார். அங்கேதான் கணக்கு ஏமாற்றத் தொடங்குகிறது.

உதாரணமாக, ஒரு கடைக்கு வாரந்தோறும் 12 பிரதிகள் வருகின்றன; நான்கு வாரமும் பன்னிரண்டும் விற்றுவிட்டன. மிச்சம் ஒன்றுமில்லை என்று கடைக்காரர் மகிழ்கிறார். ஆனால் வியாழனன்று வந்த இதழ் சனிக்கிழமை நண்பகலிலேயே தீர்ந்திருந்தால்? அதன்பின் வந்து கேட்டுத் திரும்பிய ஐவர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. விற்பனைக் கணக்கு 12 என்கிறது. ஊரின் தேவையோ 17 வரை இருக்கலாம். அந்த ஐவரில் சிலர் வேறு கடையில் வாங்கியிருக்கவும் கூடுமாதலால், உடனே 17-க்குத் தாவாமல் 15 தருவித்து இரண்டு வாரம் கவனிப்பது நலம். இன்னோர் இதழ் 20 வருகிறது. 11, 13, 12, 12 என விற்கிறது. சராசரி 12. இதற்கு 14 இருந்தால் போதும். மீதி ஆறுக்கான பணத்தை முந்திய இதழில் போடலாம்.

இப்போது இயந்திரங்களும் கணக்கு வைக்கின்றன. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு கடையில் சூயிங்கம் பொட்டலத்தின் பார்கோடு முதன்முதலாகப் படிக்கப்பட்டது. பார்கோடு அச்சிட்ட இதழ்களில் எண் 977 என்று தொடங்கும். பக்கத்தில் உள்ள சிறு கோடுகள் எந்த வாரத்து இதழ் என்பதைக் காட்டும். அதையும் சேர்த்துப் படிக்காவிட்டால் போன வாரமும் இந்த வாரமும் ஒன்றாய்க் கலந்துவிடும். நியாயவிலைக் கடைகளில் 2017 முதல் ஸ்மார்ட் அட்டையைக் கொண்டு விற்பனைக் கருவியில் பதிவு நடைபெறுவதை நாம் அறிவோம். எவ்வளவு போயிற்று என்பதைக் கருவி சொல்லும். இல்லையென்று கேட்டுத் திரும்பியவரை அது காணாது.

ஏஜெண்டுக்கும் ஒரு சொல். தூத்துக்குடியிலிருந்து ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் வரை கட்டுகள் இறங்குகின்றன என்று கொள்வோம். மொத்தத்தில் பத்தில் ஒன்பது விற்றால் நல்ல விற்பனையாகத் தோன்றும். ஆத்தூரில் மிஞ்சியதும் திருச்செந்தூரில் முதல் நாளே தீர்ந்ததும் அந்த மொத்தத்தில் மறைந்துபோகும். கடைவாரியாகப் பிரித்துப் பார்த்தால், புதிதாக ஒரு பிரதியும் வாங்காமலே இங்கிருப்பதைக் குறைத்து அங்கே கூட்டலாம்.

போன மாதத்தை மட்டும் பார்த்து அடுத்த மாதத்தை நிர்ணயிப்பதும் இக்கரையில் பிழையாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீனவர் ஊர்களில் கையிருப்புச் சுருங்கும். வடகிழக்குப் பருவமழையில் உப்பளங்கள் நின்றுவிடும். அதே ஐப்பசியில்தான் தீபாவளி மலர்கள் வருகின்றன. திருச்செந்தூரில் கந்த சஷ்டிக் கூட்டமும் திரளும். ஆகவே சென்ற ஆண்டின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும். பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!

நோட்டில் ஐந்து பத்திகள் போதும்: இதழின் பெயர், வந்த பிரதி, விற்றது, தீர்ந்த நாளும் வேளையும், இல்லாதபோது கேட்டவர் எண்ணிக்கை. மாத இதழானால் மாத நடுவில் ஒருமுறை பார்த்து, தேவைப்பட்டால் ஏஜெண்டிடமிருந்து மேலும் சில பிரதிகள் கேட்டுப் பார்க்கலாம். மகளிர் சுய உதவிக் குழுவினர் நடத்தும் கடைகளில் இதை முதலில் செய்து பார்க்கும்படி அங்கத்தினர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

ஸ்ரீவைகுண்டம் பாசனப் பகுதியிலிருந்து வந்திருக்கும் நெல், வாழை விவசாயிகளுக்கும் இந்த ஐந்தாம் பத்தி உரியது. கூட்டுறவுச் சங்கத்தில் உரம் தீர்ந்தபின் வந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று அடுத்த சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். பதில் கிடைக்கவில்லையானால், அங்கேயும் ஒரு நோட்டு வைக்கச் சொல்லுங்கள்.