எழுந்து நிற்கும் வேதியியல்



நரம்பியல் கருத்தரங்கு ஒன்றை ஈப்போவின் பெரிய விடுதிகளில் நடத்தாமல் லகாட்டுக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டாளர்களை முதலில் பாராட்டுகிறேன். வண்டி நிறுத்த இடம் கிடைத்ததற்காக மட்டும் சொல்லவில்லை. இன்று நாம் பேசப்போகும் நார்அட்ரினலின் என்னும் நரம்புச் சுரப்பு யார் உடம்பில் தடுமாறுகிறதோ, அவர்கள் இந்த மண்டபத்தைச் சுற்றித்தான் குடியிருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனையும், செம்பனை போய்த் தாமானும் வந்தபின் லகாட், பூசிங், பத்து காஜா, மெங்லெம்பு பக்கம் வந்து சேர்ந்த பழைய பால்வெட்டுத் தொழிலாளர்கள் அவர்கள். எழுபதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். அவர்களில் பலருக்கு இனிப்புநீர் உண்டு. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் வளர்ந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

அமெரிக்கப் பாடநூல் படித்த இளையவர்கள் நார்அட்ரினலினை நார்எபிநெஃப்ரின் என்பார்கள். பொருள் ஒன்றுதான். என் தலைமுறை வார்டுகளில் பழகிய பெயரிலேயே பேசுகிறேன்.

இந்தப் பொருளுக்குக் கெட்ட பெயர் நிறைய. கோபத்தின் சுரப்பு, பயத்தின் சுரப்பு, மன உளைச்சலின் விஷம் என்றெல்லாம் வானொலியிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்டிருப்பீர்கள். நாய் துரத்தினால் நெஞ்சு படபடக்கிறதே, அந்தக் கதையோடு இதன் வரலாறு முடிந்துவிடுவதாகப் பலரும் நினைக்கிறார்கள். நான் மாற்றிச் சொல்ல விரும்புகிறேன். நம் வட்டாரத்தில் நார்அட்ரினலின் கூடிப்போய்க் கெட்டவர்களைவிட, வேண்டிய விநாடியில் அது வராமல் விழுந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மாணவர்களுக்காக. பருப்பிலும் மீனிலும் முட்டையிலும் உள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து டோபா, டோபாவிலிருந்து டோபமின், டோபமினிலிருந்து நார்அட்ரினலின். கடைசிப் படி நரம்பு முனையிலுள்ள நுண்பைகளுக்குள்ளேயே நடக்கிறது. சிறுநீரகத்தின் தலைமேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி இன்னும் ஒரு படி போய் அதை அட்ரினலினாக்குகிறது. இரத்த அழுத்தத்தையும் நாடியையும் நாம் அறியாமலே ஆளும் பரிவு நரம்புகள் பயன்படுத்தும் பொருள் நார்அட்ரினலின்தான் என்று 1946-இல் ஸ்வீடனில் உல்ஃப் ஃபான் ஆய்லர் காட்டினார். வெளியான நார்அட்ரினலினில் பெரும்பகுதியை நரம்பு முனையே திரும்ப உள்ளிழுத்துக்கொள்கிறது என்பதை அமெரிக்காவில் ஜூலியஸ் ஆக்ஸல்ராட் கண்டார். இருவருக்கும், பெர்னார்ட் காட்ஸுக்கும் சேர்த்து 1970-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உடம்பில் ஓடும் நார்அட்ரினலின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் புகாது. மூளைக்குத் தனிக் களஞ்சியம் உண்டு. மூளைத்தண்டில், பக்கத்துக்கு ஒன்றாக, நீலம் பாய்ந்த இரண்டு சிறு புள்ளிகள். இரண்டிலும் சேர்த்து ஐம்பதாயிரத்தை ஒட்டிய நரம்பணுக்கள்தாம். மூளையின் மொத்தக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அவற்றின் கிளைகள் பெருமூளை, சிறுமூளை, தண்டுவடம் என்று எங்கும் போகின்றன. கனவு காணும் உறக்கத்தில் இவை ஏறக்குறைய அடங்கிக் கிடக்கும். விழிப்பு வரும் தறுவாயில் துடிக்கத் தொடங்கும்.

விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்குக்கு, எழுந்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். இருட்டில் லயத்தில் கண் விழித்ததும் இந்த நீலப்புள்ளியின் வேலை. பாயிலிருந்து எழுந்து நின்றது இன்னொரு வேலை. நாம் நிற்கும்போது அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலுள்ள அழுத்த உணரிகள் அதை உடனே மூளைத்தண்டுக்குச் சொல்ல, பரிவு நரம்பு முனைகள் நார்அட்ரினலினை வெளியிட, இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. எல்லாம் சில விநாடிகளில். நிரையில் இறங்கி, தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்து, மங்கைச் சரிசெய்து, நிமிர்ந்து அடுத்த மரத்துக்குப் போவதை ஒரு காலையில் நூற்றுக்கணக்கான முறை செய்த உடம்புகள் அவை. ஒரு முறைகூடத் தலைசுற்றி விழவில்லை என்றால் காரணம் இதுதான். துரத்துகிற நாயைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

நார்அட்ரினலின் கூடிப்போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம் கிந்தா பள்ளத்தாக்கிலிருந்தே தொடங்கலாம். 1998-இன் கடைசி மாதங்களில் ஈப்போவுக்கு அருகே பன்றிப் பண்ணைகளில் ஒரு மூளைக்காய்ச்சல் கிளம்பியது. முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பன்றிகள் தெற்கே விற்கப்பட்டன. நோயும் நெகிரி செம்பிலானுக்குப் போனது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்த பிறகுதான் நிப்பா என்ற பெயரே வந்தது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். கோலாலம்பூரில் பார்க்கப்பட்ட 94 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2000-இல் வெளியானது. அதில் கூறிய தனித்த அறிகுறிகளுள் இரண்டு, உயர்ந்த இரத்த அழுத்தமும் வேகமான நாடியும். இதய நோய் அதற்குக் காரணமில்லை. மூளைத்தண்டு தாக்கப்பட்டதன் அடையாளமாகவே அவற்றை ஆய்வாளர்கள் வாசித்தார்கள். பரிவு நரம்புகளை அடக்கி ஆளும் இடம் அது. நாடி வேகமாக இருந்தவர்கள் பிழைக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. நாடியைத் தொட்டு மூளையின் நிலையைச் சொல்ல முடிந்தது என்பதை மருத்துவ மாணவர்கள் மறக்கக் கூடாது.

நார்அட்ரினலின் கூடிப்போகும் இன்னொரு கதை செந்தேளுடையது. நம் பக்கத்துக் கருந்தேள் கொட்டினால் வலிதான். இந்தியச் செந்தேள் கொட்டினால் உயிரே போகலாம். அதன் நஞ்சு நரம்புகளை ஓயாமல் துடிக்கவைத்து நார்அட்ரினலினைக் கொட்டவைக்கிறது. அழுத்தம் எகிறி, இதயம் சோர்ந்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மகாராஷ்டிராவில் மகாட் அருகே பிர்வாடி என்ற கிராமத்துச் சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த ஹிம்மத்ராவ் பவஸ்கர், கண்ணெதிரே பிள்ளைகள் சாவதைப் பார்த்து இந்த ஒழுங்கைப் புரிந்துகொண்டார். நார்அட்ரினலின் போய் ஒட்டும் ஆல்ஃபா ஏற்பியை அடைத்தால் போதும் என்று பிரசோசின் மாத்திரையை 1980-களில் கொடுக்கத் தொடங்கினார். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு மிகச் சில விழுக்காடாகக் குறைந்தது. பெரிய ஆய்வுக்கூடம் இல்லை, பெரிய பணம் இல்லை. மலிவான ஒரு மாத்திரை, நோயின் பொறியமைப்பைச் சரியாகப் படித்த ஒரு மனிதர். சிறிய ஊரில் நல்ல ஆராய்ச்சி நடக்காது என்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் பதில் பிர்வாடி.

அதே பிரசோசின் நம் அரசாங்க கிளினிக்குகளில் இரத்தக் கொதிப்புக்கு நெடுநாளாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. சிறுநீர் சரியாகப் போகாத முதியவர்களுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் போன்றவையும் அந்தக் குடும்பம்தான். பிர்வாடிக் குழந்தையைக் காப்பாற்றிய அதே செயல், இங்கே நடு இரவில் கழிவறைக்கு எழும் ஒரு தாத்தாவைக் கீழே தள்ளிவிடலாம். குழாய் இறுக வேண்டிய நேரத்தில் இறுகாது. முதல் மாத்திரைக்குப் பின்னும், அளவைக் கூட்டிய பின்னும் இந்த ஆபத்து அதிகம்.

இப்போது அந்த 31.4-க்கு வருகிறேன். இனிப்புநீர் பல ஆண்டு நீடித்தால் கால் நரம்புகள் கெடும் என்பதை நம் மக்கள் அறிவார்கள். ஆறாத புண்ணைப் பார்த்திருக்கிறார்கள். பரிவு நரம்புகளும் கூடவே கெடுகின்றன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. உட்காரவைத்து அழுத்தம் பார்த்தால் 150 இருக்கும். கிளினிக்கில் மருந்தைக் கூட்டுவார்கள். அதே ஆளை நிற்கவைத்துப் பார்த்தால் 110. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது நோய் என்பது உலகம் ஒப்புக்கொண்ட வரையறை. அழுத்தம் அப்படிச் சரிந்தும் நாடி அதற்கேற்ப ஏறவில்லையென்றால், நரம்பு முனையில் நார்அட்ரினலின் வரவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். இந்த நோயாளி தன் பாஷையில் என்ன சொல்வார்? "கண்ணு இருட்டிக்கிட்டு வருது ஐயா", "பித்தம் ஏறிடுச்சி", "கழுத்துப் பின்னால புடிச்சி இழுக்குது". பித்தம் என்ற சொல்லைக் கேட்டதும் வயிற்று மருந்து எழுதி அனுப்புகிற டாக்டர்கள் இருக்கிறார்கள். இவர்களில் சிலர் சர்க்கரை தாழும்போது வரவேண்டிய படபடப்பும் நடுக்கமும் இல்லாமலே மயங்கிவிடுவார்கள். எச்சரிக்கும் சுரப்புகள் எழாமல் போவதுதான் காரணம்.

கால் எரிச்சலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீலப்புள்ளியும் அதன் அண்டை அணுக்களும் தண்டுவடத்துக்குள் இழைகளை இறக்கி, மேலேறி வரும் வலியை அங்கேயே தடுக்கின்றன. நார்அட்ரினலினை நரம்பு முனை திரும்ப உறிஞ்சாமல் தடுக்கும் டுலோக்சிடின் பெரிதும் இந்த வழியாக இனிப்புநீர்க்காரரின் கால் எரிச்சலைக் குறைக்கிறது. ஆனால் அது மனச்சோர்வுக்கும் மருந்து. வீட்டில் மகன் தாளைப் படித்து, "அப்பாவுக்கு ஏன் இந்த மருந்து?" என்று கேட்டதும் மாத்திரை குப்பைக்குப் போகும். தஞ்சோங் ரம்புத்தானும் இதே கிந்தா வட்டாரம்தான். 1911-இல் அங்கே திறந்த மனநல மருத்துவமனை, இன்றைய பஹாகியா உலு கிந்தா, மூன்று தலைமுறைக்கு வசைச்சொல்லாக இருந்திருக்கிறது. மருந்து எழுதும்போதே ஒரு நிமிடம் ஒதுக்கி விளக்கிவிட்டால் பாதி மாத்திரையாவது குப்பைக்குப் போகாது.

மனத்துக்கும் இந்தப் பொருளுக்கும் உள்ள உறவைத் தற்செயலாகக் காட்டியவற்றுள் ஒன்று நம் சர்ப்பகந்தி வேர். பம்பாயில் ருஸ்தம் ஜால் வகீல் அதன் அழுத்தம் குறைக்கும் ஆற்றலை 1949-இல் ஆங்கிலேய இதழில் எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. நரம்பு முனையின் நுண்பைகளுக்குள் சரக்கு சேராமல் தடுக்கும் மருந்து அது. அழுத்தம் இறங்கியது, சிலருக்கு மனமும் இறங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு, மனச்சோர்வு என்பது நார்அட்ரினலின் பற்றாக்குறை என்று 1965-இல் ஒரு கோட்பாடே எழுந்தது. அது மிக எளிதான கணக்கு என்பது என் கருத்து. மனச்சோர்வு மருந்து நரம்பு முனையில் சில மணியில் வேலை செய்ய, மனம் தெளியச் சில வாரம் ஆகிறதே, அதற்கு அந்தக் கணக்கில் விடை இல்லை. பிற்பகல் அமர்வில் மனநல நிபுணர்கள் இதில் என்னோடு மோதலாம். காத்திருக்கிறேன்.

முதுமை மறதி பற்றியும் கட்டுரைகள் வந்துள்ளன. அல்சைமர் நோயின் டாவ் புரதம் மிக முன்னதாகவே நீலப்புள்ளியில் தலைகாட்டுகிறது என்று ஜெர்மனியில் ஹைக்கோ பிராக் குழுவினர் 2011-இல் எழுதியதிலிருந்து இத்துறை வேகமெடுத்திருக்கிறது. அதைக் கட்டுரையாளர்களிடமே விட்டுவிடுகிறேன்.

இந்த மாநாட்டைத் தொடங்கிவைக்கும் முன் தாதியரிடமும் டாக்டர்களிடமும் ஒரு வேண்டுகோள். அறுபது வயது தாண்டிய ஒவ்வோர் இனிப்புநீர் நோயாளிக்கும் படுக்கவைத்து ஒரு முறை, நின்ற முதல் நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாம் நிமிடத்தில் ஒரு முறை இரத்த அழுத்தம் பாருங்கள். நாடியையும் எழுதுங்கள். புதுக் கருவி வேண்டாம். ஐந்து நிமிடமும் ஒரு படுக்கையும் போதும். எண் சரிந்தால் மருந்தைக் கூட்டுமுன் பிரசோசின், டாம்சுலோசின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். காலையில் எழுமுன் படுக்கையோரம் சற்று உட்காரவும், இதயமோ சிறுநீரகமோ தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாதவர்களுக்கு எழுமுன் இரண்டு கோப்பைத் தண்ணீர் குடிக்கவும் சொல்லிக்கொடுங்கள். வெறும் தண்ணீரே பரிவு நரம்பைத் தூண்டிச் சில நிமிடங்களில் அழுத்தத்தை ஏற்றும் என்பது சோதித்து அறிந்தது. இங்கே கிடைக்கும் எண்களைச் சேர்த்து வையுங்கள். லகாட், பூசிங், பத்து காஜா வட்டாரத்து முதியவர்கள் எழுந்து நிற்கும்போது என்ன ஆகிறது என்று அடுத்த மாநாட்டில் உங்களில் ஒருவர் கட்டுரை வாசிக்க வேண்டும். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.