காவிரியா, சிறுவாணியா?

(மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நாம் பிறந்தது தஞ்சை; நம் இல்லத்தரசியார் பிறந்தது கோவை. மணமாகி இருபது ஆண்டுகள் கடந்தும் எங்களிடையே ஒரு வழக்குத் தீர்ந்தபாடில்லை. காவிரி நீர் சிறந்ததா, சிறுவாணி நீர் சிறந்ததா என்பதே அவ்வழக்கு.

சென்ற வாரம் குழாயில் நீர் வரவில்லை. தெருக்குழாயில் நீர் பிடித்து வந்த அவரிடம், கரிகாலன் கட்டிய கல்லணையின் பெருமையை நாம் விரித்துரைத்தோம். அவரோ, "அணையைக் கட்டியவன் கரிகாலன். நீங்கள் ஒரு குடமேனும் சுமந்ததுண்டா?" என்று வினவினார். மறுமொழியின்றிக் குடத்தை வாங்கிக்கொண்டோம். நான்காம் நடையில் இடுப்பு வலித்தது, நாவும் அடங்கிற்று.

இது நகைப்புக்கு மட்டும் உரியதன்று. 2024-ஆம் ஆண்டின் அகில இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாள்தோறும் 289 நிமிடங்களை அவற்றிற்குச் செலவிடுகின்றனர். ஆண்களோ 88 நிமிடங்களே. தமிழக ஊராட்சிகளில் மகளிர்க்குச் சரிபாதி இடம் வழங்க 2016-இல் சட்டம் வகை செய்தது. அடுக்களைச் சுமையிலும் சரிபாதியை ஆடவர் ஏற்றாலன்றோ அவர்கள் கிராம சபைக்கு வர நேரம் கிட்டும்?

ஆகவே, அன்பர்களே, ஊர்ப் பெருமை பேசுவோம். குடத்தைச் சுமந்துகொண்டே பேசுவோம். எங்கள் வழக்கில் தீர்ப்பு இன்னும் வரவில்லை. குடம் மட்டும் நம் வசமே இருக்கிறது.